வாத்துக்கு முட்டை சிக்கிக்கொண்டால்

காலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததும் முட்டையைத் தேடாதீர்கள். முதலில் வாத்தின் வாலைப் பாருங்கள். நன்றாக இருக்கிற வாத்து வாலை ஆட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து ஓடும். முட்டை சிக்கிய வாத்துக்கு வால் தொங்கும், இல்லையென்றால் மூச்சுக்கு மூச்சு மேலும் கீழும் ஏறி இறங்கும். காலை அகட்டி, உடம்பை நட்டமாக நிமிர்த்தி நிற்கும். முட்டையிடும் மூலையில் போய் உட்காரும், எழுந்து வரும், மறுபடி போய் உட்கார்ந்து முக்கும். வெயில் ஏறாத நேரத்திலேயே வாயைத் திறந்து மூச்சு வாங்கும். நொண்டவும் செய்யும். காலில் அடிபட்டது என்று மஞ்சள் பற்றுப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே நிற்கும் முட்டை காலுக்குப் போகிற நரம்பை அழுத்தினாலும் வாத்து நொண்டும்.

நான் எழுதுவது கொல்லையில் இரண்டு மூன்று வாத்து வளர்ப்பவர்களுக்கு. பட்டி பட்டியாக ஓட்டிக்கொண்டு அறுவடை வயலில் மேய்ப்பவர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. எங்கள் வீடு மாயவரம் பக்கம். காக்கி கேம்பல் பெட்டை இரண்டு, நாட்டுப் பெட்டை ஒன்று. விற்பதற்கு இல்லை, பேரப்பிள்ளைகள் ஆசைக்கு. மூத்தவள் சரசுக்கு முட்டைத் தொந்தரவு அடிக்கடி வரும். எனக்குத் தெரிந்ததில் பாதி அவளைப் பார்த்துக்கொண்டதில் வந்தது, மீதி மருத்துவர் சொன்னது.

வாத்து பெரும்பாலும் இரவு முடியும் நேரத்திலிருந்து காலை 9 மணிக்குள் முட்டையிட்டுவிடும். ஒரு முட்டை உருவாகி வெளியே வர ஒரு நாளும் கொஞ்சமும் ஆகும். ஆகவே ஒரு நாள் முட்டை இல்லையென்றால் பயப்பட வேண்டாம். முட்டையும் இல்லை, முக்கலும் இருக்கிறது, தீனியையும் தொடவில்லை என்றால் அன்றே கை வைக்க வேண்டும். இது நாள் கணக்கில் பொறுத்துப் பார்க்கிற நோய் இல்லை. ஒன்றிரண்டு நாளில் வாத்தே போய்விடும்.

செய்ய வேண்டியது இதுதான். அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள், 40 டிகிரி போதும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு என்றால் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். வாத்தின் வயிறும் வால்பக்கமும் முங்கும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். இருபது நிமிடம் உட்கார வையுங்கள். ஆறினால் சுடுதண்ணீரை ஓரமாகச் சேர்த்துக் கலக்குங்கள். நீந்துகிற பிராணிதானே என்று விட்டுவிட்டுப் போகக் கூடாது. சோர்ந்த வாத்து தலையைத் தொங்கப் போட்டால் பேசின் தண்ணீரிலும் மூழ்கிவிடும். தூக்கியதும் நன்றாகத் துடைத்து, ஆசனவாயைச் சுற்றிக் கொஞ்சம் வாஸ்லின் அல்லது தேங்காய் எண்ணெய் தடவி, சத்தமும் வெளிச்சமும் இல்லாத கதகதப்பான இடத்தில் அட்டைப்பெட்டியில் வையுங்கள். குடிக்கத் தண்ணீர் வையுங்கள். கால்நடை மருந்துக் கடையில் விற்கும் கால்சியம் டானிக் கையில் இருந்தால், அளவை மருத்துவரிடம் போனில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். வாய்க்குள் ஊற்ற வேண்டாம், அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் அதுவே விழுங்கும். பல நேரம் இந்த இருட்டிலேயே முட்டை வந்துவிடும்.

வயிற்றை அமுக்காதீர்கள். "விரலை விட்டு எடுத்துடலாம்க்கா" என்று தைரியம் சொல்ல தெருவில் ஒருவராவது இருப்பார். அவரை மரியாதையாக வெளியே அனுப்பிவிடுங்கள். உள்ளே முட்டை உடைந்தால் ஓட்டுத் துண்டு முட்டை வரும் கருக்குழாயைக் கிழிக்கும், சீழ் வைக்கும். ஆசனவாய்க்குக் கீழே இரண்டு விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை என்பதற்காக முட்டை இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. ஓடு கெட்டியாகாத தோல் முட்டை கையில் தெரியாது, சிக்குவதில் அதுவே மோசம். பிடிமானம் இல்லாததால் தசை அதைத் தள்ள முடியாமல் திணறும்.

இரண்டு முறை தண்ணீரில் வைத்தும் வரவில்லை, அல்லது வாத்து கழுத்தைத் தொங்கப் போடுகிறது என்றால் மருத்துவமனைதான். கால்சியம் ஊசி போடுவார்கள், தேவைப்பட்டால் கருக்குழாயைச் சுருங்க வைக்கும் ஊசியும் போடுவார்கள், எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். மாடு ஆடு மட்டுமே பார்த்துப் பழகிய இடத்தில் வாத்தைக் கொண்டுபோனால் சிரிப்பதும் உண்டு. காதில் வாங்காதீர்கள். எங்கள் பக்கத்துக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மற்றவர்களுக்கு நாமக்கல், சென்னை வேப்பேரி. ஊரிலேயே ஆள் வேண்டும் என்றால் 1962-க்கு அழைத்துக் கேளுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான எண் அது.

சரி, ஏன் சிக்குகிறது? பெரும்பாலும் தீனி. நாம் போடுவது தவிடும் குருணையும் மிச்சச் சோறும். தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். ஆனால் ஒவ்வொரு ஓட்டுக்கும் இரண்டு கிராமுக்கு மேல் கால்சியம் போகிறது. தீனியில் இல்லையென்றால் வாத்து தன் எலும்பிலிருந்து எடுக்கும். அதுவும் தீர்ந்தால் தோல் முட்டை வரும், முட்டையைத் தள்ளவும் பலம் இருக்காது, ஏனென்றால் தசை சுருங்கவும் கால்சியம்தான் வேண்டும். வயலில் மேயும் வாத்துக்கு இந்தத் தொல்லை குறைவு, அது நத்தை தின்கிறது. நம் கொல்லை வாத்துக்கு லேயர் தீவனத்தை, அதாவது முட்டையிடும் பறவைக்கென்று விற்கிற தீவனத்தை, தண்ணீரில் பிசைந்து வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். தீனியோடு கலந்துவிட்டால் முட்டையிடாத வாத்தும் ஆண் வாத்தும் சேர்த்துத் தின்னும், அவற்றின் சிறுநீரகத்துக்கு ஆகாது. காலை வெயில் கட்டாயம் வேண்டும், வைட்டமின் டி இல்லாமல் கால்சியம் உடம்பில் ஒட்டாது. பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் வாசல் தாண்ட விடாதீர்கள். அந்தப் பூஞ்சண நஞ்சைக் கோழியாவது கொஞ்சம் தாங்கும், வாத்து தாங்காது. சோறும் ரொட்டியும் தின்று கொழுத்த வாத்துக்கும் முட்டை சிக்கும். தினம் நீந்த விடுங்கள்.

இன்னொன்று சொல்வேன், பலருக்குப் பிடிக்காது. செல்லமாக வளர்க்கிற வாத்து அவ்வளவு முட்டையிட வேண்டியதில்லை. காக்கி கேம்பல் முட்டைக்கென்றே உருவாக்கிய இனம், வருடத்துக்கு 250-க்கு மேல் இடும். அந்த வேலையை ஒரு சின்ன உடம்பு செய்கிறது. அடிக்கடி சிக்குகிற வாத்துக்கு ஓய்வு கொடுங்கள். வழி வெளிச்சத்தில் இருக்கிறது. பண்ணையில் 14 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் காட்டி முட்டை வாங்குகிறார்கள், நாம் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். கொல்லை பல்பு, தெருவிளக்கு வெளிச்சம் கொட்டகைக்குள் விழாமல் சாக்கு கட்டி, காற்று மட்டும் வர விட்டு, ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம்தான் வெளிச்சம் என்று வையுங்கள். சில வாரத்தில் முட்டை குறையும், இறகு உதிர்க்கத் தொடங்கும். சரசுக்கு இப்படித்தான் வருடா வருடம் லீவு விடுகிறோம். முட்டை வேண்டுமென்றால் கடையில் வாங்கிக்கொள்கிறோம்.

முக்கி முக்கி ஆசனவாய் வழியாகச் சிவப்பாகச் சதை வெளியே தள்ளினால், உப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, காய்ந்துபோகாமல் ஈரத் துணி வைத்து, மற்ற வாத்துகள் கொத்தாதபடி தனியே அடைத்து உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முட்டையிடுவது நின்றுபோய் வயிறு மட்டும் தண்ணீர்ப் பை மாதிரி தொங்கினாலும் அப்படியே. மஞ்சள் கரு வயிற்றுக்குள் சிந்திச் சீழ் வைத்திருக்கலாம், அதற்குக் கைவைத்தியம் கிடையாது.

ஆண் வாத்து இருந்தால் ஒன்றுக்கு ஐந்தாறு பெட்டையாவது வேண்டும். ஒரே பெட்டை என்றால் அதை ஓய்வில்லாமல் மிதித்துப் புண்ணாக்கிவிடும். தொந்தரவுள்ள பெட்டையைப் பிரித்தே வையுங்கள்.

ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். இதோடு கால்சியம் சேர்த்துக் கொடுக்கலாமா? டெட்ராசைக்ளின் வகை மருந்துகளைக் கால்சியம் பிடித்துக்கொண்டு வேலை செய்ய விடாது. மருந்து நிறுத்தி எத்தனை நாள் கழித்து முட்டையைச் சாப்பிடலாம்? அதுவரை வருகிற முட்டைகளைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காமல் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.