கல்லாப் பெட்டியருகே கர்த்தர்

மெஞ்ஞானபுரம் பரிசுத்த பவுல் ஆலயத்தின் கோபுரம் தெரியும் தூரத்தில் 27 ஆண்டுகளாகப் பலசரக்குக் கடை நடத்துகிறேன். காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட் வந்து இறங்கும். இரவு ஒன்பதரைக்கு ஷட்டரை இழுத்து மூடுவேன். “இவ்வளவு வேலைக்கு நடுவே ஆண்டவரை எப்படி நினைப்பது அண்ணாச்சி?” என்று எங்கள் சபை வாலிபர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

தினமும் உங்கள் கை தொடும் பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதிலும், எந்த இடத்தில் உங்கள் மனம் சறுக்குமோ அந்த இடத்துப் பொருளாக இருக்கட்டும். ஆசிரியருக்கு விடைத்தாள், ஓட்டுநருக்கு ஸ்டியரிங். எனக்குத் தராசு.

கடை தொடங்கிய புதிதில் சீரகம், மிளகு போன்றவற்றைத் தடித்த தாளோடு சேர்த்து நிறுத்தேன். தாள் மட்டும் நான்கு கிராம் இருக்கும். 50 கிராம் கேட்டவருக்கு 46 கிராம்தான் போய்ச் சேரும். எனக்கு அது தெரியும். ஒருநாள் குடும்ப ஜெபத்தில், மூன்றாம் வகுப்புப் படித்த என் மகள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்: “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது; சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்.” சுமுத்திரையான நிறைகல் என்றால் சரியான எடைக்கல். ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொன்னார்கள். என் வாயில் அந்தச் சொல் வரவில்லை.

இப்போது மின்னணுத் தராசு. வெறும் கவரைத் தட்டில் வைப்பேன். நான்கு என்று காட்டும். கவரின் எடையைக் கழிக்கும் டேர் பொத்தானை அழுத்தியதும் எண் பூஜ்யமாகிவிடும். சாமானை அள்ளிப் போடுமுன், அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து, “ஆண்டவரே, நீர் பார்க்கிறீர்” என்று மனதுக்குள் சொல்வேன். நாளில் எத்தனை முறை நிறுக்கிறேனோ அத்தனை முறை. எதிரே நிற்பவருக்குத் தெரியாது, வேலையும் தடைபடாது.

காலையில் ஷட்டரைத் தூக்குமுன் வேதாகமத்தின் நீதிமொழிகள் புத்தகத்தில் ஓர் அதிகாரம் வாசியுங்கள். மொத்தம் 31 அதிகாரங்கள் இருப்பதால் தேதிக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். நேற்று எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை. 11, 16, 20 ஆகிய தேதிகளில் தராசையும் நிறைகல்லையும் பற்றிய வசனங்கள் வரும். மாதம் மூன்று முறை அவை என்னைப் பிடித்து நிறுத்துகின்றன. வாய்விட்டு வாசியுங்கள். கண்ணால் மட்டும் ஓட்டினால், பால் வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லாம் மறந்துபோகும்.

பகலில் நீண்ட ஜெபத்துக்கு நேரம் கிடைக்காது. வேதாகமத்தில், ராஜாவுக்குப் பானம் பரிமாறுகிறவராக இருந்த நெகேமியாவைப் பாருங்கள். “நீ கேட்கிற காரியம் என்ன” என்று ராஜா கேட்கிறார். அந்தக் கேள்விக்கும் தம்முடைய பதிலுக்கும் இடையில் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபிக்கிறார். ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருந்திருக்கும். பழைய பாக்கி 3,000 ரூபாய் வைத்திருப்பவர் மறுபடியும் அரிசி கேட்டு வந்து நிற்கும்போது எனக்கும் அவ்வளவு நேரம்தான் இருக்கிறது. “கர்த்தாவே, என் நாவைக் காத்தருளும்” என்று சொல்லிவிட்டுத்தான் வாய் திறப்பேன். கொடுப்பதோ மறுப்பதோ, அதன்பின் குரல் உயர்வதில்லை.

வீட்டில் என் மனைவி உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியைத் தனி டப்பாவில் போட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது காணிக்கையாக ஆலயத்துக்குப் போகும். அவளுடைய அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். சமையல் செய்பவர்கள் யாராக இருந்தாலும் இதிலிருந்து தொடங்கலாம் என்பேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. தொடக்கத்தில் வியாபாரம் குறைந்தது உண்மை; இப்போது ஊரார் சனிக்கிழமை இரவே வாங்கிவிடுகிறார்கள்.

இரவு குடும்ப ஜெபத்தைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கீர்த்தனை, வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம், கர்த்தருடைய ஜெபம் போதும். பிள்ளைகள் தூங்கி விழும்வரை நீட்டினால் அவர்களுக்கு ஜெபம் என்றாலே பாரமாகிவிடும்.

கடைசியாக, நான் பற்று நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அதிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பேன்; பாக்கித் தொகையை வாசிப்பதில்லை. நேற்று 14ஆம் பக்கம். மூன்று மாதமாகப் பணம் தராதவர் ஒருவர் அதில் இருக்கிறார். அவர் பெயரைச் சொன்னதும், “அந்த வீட்டம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார்களே, தெரியாதா?” என்றாள் என் மனைவி. எனக்குத் தெரியவில்லை. இன்று மதியம் கடையை அவளிடம் விட்டுவிட்டுப் பார்க்கப் போகிறேன்.