அம்மாவின் எலும்பு முறியும் வாய்ப்பு எவ்வளவு? டி-ஸ்கோரைத் தாண்டிக் கணக்கிடும் முறை

ஸ்கேன் மையத்திலிருந்து வாங்கிவந்த தாளில், எலும்பின் அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர் மைனஸ் 2.7 என்றிருந்தால் வீடே பதறுகிறது. மைனஸ் 1.9 என்றிருந்தால் "ஒன்றுமில்லை" என்று தாள் பீரோவுக்குள் போய்விடுகிறது. பதற்றம், நிம்மதி இரண்டுமே அவசரப்பட்டவை. மைனஸ் 1.9 வாங்கியவர் போன வருடம் வாசலில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவராக இருந்தால், இருவரில் அதிகம் கவலைப்பட வேண்டியவர் அவராகவே இருக்கலாம். எலும்புப்புரை (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நிலை) உள்ள பெண்களுக்கு ஸ்கேன் சொல்வது எலும்பின் அடர்த்தியை மட்டும்தான். அடுத்த சில ஆண்டுகளில் எலும்பு முறியுமா என்ற கேள்விக்கு அடர்த்தி பாதிப் பதில்கூட இல்லை.

மீதிப் பதிலை வீட்டிலேயே பெருமளவு சேகரித்துவிடலாம். மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆன அம்மா, மாமியார், அத்தை என யாருக்காகவும் இதைச் செய்யலாம். ஒரு நோட்டு, ஒரு இஞ்ச் டேப், கைப்பேசி போதும். மருந்து தேவையா, எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அவர் முன்னால் நீட்டும் ஒரு பக்கக் குறிப்பைத் தயாரிப்பதுதான் நம் வேலை.

படி 1: பழைய முறிவுகளைத் தோண்டி எடுங்கள்

ஸ்கேனுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. ஒருமுறை லேசான அடியில் எலும்பு முறிந்தவருக்கு மறுமுறை முறியும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. முறிவு நடந்த முதல் இரண்டு ஆண்டுகளில் அந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

"எலும்பு முறிவு ஏற்பட்டதுண்டா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்ற பதில்தான் வரும். "எப்போதாவது மாவுக்கட்டு போட்டார்களா? புத்தூர் கட்டு கட்டினீர்களா? மாதக்கணக்கில் கையைத் தூக்க முடியாமல் இருந்ததா?" என்று கேளுங்கள். புத்தூர் கட்டோடு முடிந்த பல முறிவுகளுக்கு எக்ஸ்ரேயும் கிடையாது, மருத்துவமனைச் சீட்டும் கிடையாது. மருத்துவரிடம் அவற்றைச் சொல்லவும் யாருக்கும் தோன்றுவதில்லை.

நின்ற நிலையிலிருந்து விழுந்தோ, அதைவிடக் குறைந்த அடியிலோ முறிந்ததைத்தான் இங்கே தேடுகிறோம். லாரி மோதி முறிந்த கால் இந்தக் கணக்கில் வேறு வகை. கைவிரல், கால்விரல், மண்டை, முக எலும்புகளை விட்டுவிடலாம். மணிக்கட்டு, தோள், இடுப்பு, முதுகெலும்பு ஆகியவை முக்கியமானவை. ஒவ்வொன்றுக்கும் எந்த வயதில், எப்படி விழுந்து என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: உயரத்தையும் முதுகையும் பாருங்கள்

எல்லாப் படிகளிலும் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை யாருக்கும் தெரியாமலேயே நடந்துவிடுகின்றன. அவர் விழுவதில்லை, "மளுக்" என்ற சத்தமும் கேட்பதில்லை. தண்ணீர்க் குடத்தையோ அரிசி மூட்டையையோ குனிந்து தூக்கும்போது முதுகெலும்பின் ஒரு கட்டை நசுங்குகிறது. நாலு நாள் முதுகுவலி, கொஞ்சம் தைலம், அதோடு அது மறக்கப்படுகிறது. பிறகு கூன் விழுந்தால் "வயசாகிவிட்டது" என்கிறோம்.

அவரைச் சுவரோடு ஒட்டி, குதிகாலும் முதுகும் படும்படி நிற்கவைத்து உயரத்தை அளந்துகொள்ளுங்கள். இளவயது உயரத்தைவிட 4 செ.மீ. அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தால் முதுகெலும்பைச் சந்தேகிக்க வேண்டும். பழைய உயரம் எங்கும் பதிவாகியிருக்காது என்பதுதான் நம் ஊர்ச் சிக்கல். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்தால், அது இளவயது உயரத்தை ஓரளவு காட்டும்.

அதே நிலையில், முகவாயைத் தூக்காமல் தலையின் பின்பக்கம் சுவரைத் தொடுகிறதா என்று பாருங்கள். அடுத்து, பக்கவாட்டில் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே உங்கள் விரல்களை வையுங்கள். இரண்டு விரல் அகலத்துக்கும் குறைவான இடமே இருந்தால் அதையும் எழுதிவையுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று சரியில்லை என்றால், முதுகெலும்புக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எக்ஸ்ரேயில் மட்டும் தெரிகிற நசுங்கலும் முறிவுதான். அது தெரியவந்தால் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

படி 3: மற்ற கேள்விகள்

பெற்றோரில் யாருக்காவது இடுப்பு எலும்பு முறிந்ததா? "பாட்டி விழுந்து படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை" என்ற கதை உங்கள் குடும்பத்தில் இருந்தால், பெரும்பாலும் அது இடுப்பு எலும்பு முறிவாகத்தான் இருக்கும்.

மாதவிடாய் 45 வயதுக்கு முன்பே நின்றதா? கர்ப்பப்பையை எடுத்தபோது சினைப்பைகளையும் எடுத்தார்களா? முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உண்டா? (மூட்டுத் தேய்மானம் இந்தக் கணக்கில் சேராது.) புகை, மது உண்டா?

ஸ்டீராய்டு பற்றிக் கொஞ்சம் துருவிக் கேளுங்கள். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தினம் 5 மி.கி. அல்லது அதற்கு மேல் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் சாப்பிட்டிருந்தால் கணக்கில் சேரும். மூட்டுவலிக்கென்று சீட்டில்லாமல் வாங்கிய, பெயரே இல்லாத பொட்டல மாத்திரைகளையும் பொடிகளையும் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது புதிய செய்தி அல்ல.

படி 4: ஸ்கேன் தாளைப் படியுங்கள்

இலவச முகாமில் குதிகாலை ஒரு கருவியில் வைத்துப் பார்த்த அளவு இதற்கு உதவாது. அது அல்ட்ராசவுண்ட். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த மைனஸ் 2.5 என்ற எல்லை அந்தக் கருவிக்குப் பொருந்தாது. எக்ஸ்ரே கதிரால் எலும்பின் அடர்த்தியை அளக்கும், இடுப்பிலும் கீழ்முதுகிலும் எடுக்கப்படும் டெக்ஸா ஸ்கேன் வேண்டும்.

டெக்ஸா தாளில் டி-ஸ்கோர், இசட்-ஸ்கோர் என இரண்டு எண்கள் இருக்கும். டி-ஸ்கோர் இளம்பெண்களின் சராசரியோடு ஒப்பிடுகிறது; இசட்-ஸ்கோர் அவர் வயதுக்காரர்களோடு ஒப்பிடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு டி-ஸ்கோரைப் பாருங்கள். மைனஸ் 1 வரை இயல்பு, மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை, இடைப்பட்டது அடர்த்திக் குறைவு. இந்த இடைப்பட்ட வகையில்தான் பெண்கள் அதிகம் என்பதால், மொத்த முறிவுகளில் பாதிக்கு மேல் அவர்களுக்கே நேர்கின்றன. முதலில் சொன்ன மைனஸ் 1.9 இந்த வகையில் வருகிறது.

முதுகின் எண் நன்றாகவும் இடுப்பின் எண் மோசமாகவும் இருந்தால் முதுகை நம்பிவிடாதீர்கள். வயதானவர்களின் முதுகெலும்பில் வளரும் எலும்பு முட்களும், நசுங்கிய கட்டைகளும் அடர்த்தியைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

படி 5: ஃப்ராக்ஸ் (FRAX) கணக்கு

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி 2008-இல் வெளியான, எலும்பு முறியும் வாய்ப்பைச் சொல்லும் இணையக் கணிப்பான் இது. 40 முதல் 90 வயது வரை, எலும்புப்புரைக்கு இன்னும் மருந்து தொடங்காதவர்களுக்கானது. முதலில் நாட்டைத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தனித்தனிப் பக்கங்கள் உண்டு. சிங்கப்பூரில் இருப்பவர்கள் அங்கேயே இந்தியர்களுக்கான பிரிவை எடுக்கலாம்.

வயது, எடை, இன்றைய உயரம் ஆகியவற்றை இட்டு, 1, 3 படிகளில் எழுதிய பதில்களுக்கு ஆம், இல்லை என்று குறியுங்கள். கடைசிக் கட்டத்தில் புதியவர்கள் பலர் முதுகின் டி-ஸ்கோரை இட்டுவிடுகிறார்கள். அங்கே கேட்கப்படுவது இடுப்பில் "ஃபெமரல் நெக்" என்று தாளில் குறிப்பிட்டிருக்கும் தொடை எலும்புக் கழுத்தின் அளவு. ஸ்கேன் எடுக்கவில்லை என்றால் அதைக் காலியாக விட்டாலும் விடை வரும்.

இரண்டு சதவீதங்கள் கிடைக்கும். ஒன்று, முதுகெலும்பு, மணிக்கட்டு, தோள், இடுப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பத்து ஆண்டுகளில் முறியும் வாய்ப்பு. இன்னொன்று, இடுப்பு மட்டும் முறியும் வாய்ப்பு. 12 என்று வந்தால், இவரைப் போன்ற 100 பெண்களில் 12 பேருக்குப் பத்து ஆண்டுகளில் அப்படி ஒரு முறிவு நேரலாம் என்று பொருள்.

அமெரிக்காவில் முதல் எண் 20-ஐயோ இரண்டாவது எண் 3-ஐயோ தொட்டால் மருந்து பற்றிப் பேசுகிறார்கள். அந்த எல்லைகள் அந்நாட்டு மருத்துவச் செலவுக் கணக்கிலிருந்து வந்தவை. பிரிட்டனில் வயதுக்கேற்ப எல்லை மாறுகிறது. எனவே 19 வந்தது என்று நிம்மதி அடைவதிலும் 21 வந்தது என்று நொறுங்குவதிலும் அர்த்தமில்லை. இடுப்போ முதுகெலும்போ ஏற்கெனவே முறிந்தவருக்கும், டி-ஸ்கோர் மைனஸ் 2.5-ஐத் தொட்டவருக்கும் இந்தச் சதவீதத்துக்குக் காத்திராமலேயே மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

படி 6: கணிப்பான் கேட்காதவை

வழக்கமான ஃப்ராக்ஸ் கீழே விழுவதைப் பற்றிக் கேட்பதே இல்லை. இடுப்பு முறிவுகளில் மிகப் பெரும்பாலானவை விழுவதால்தான் நேர்கின்றன என்னும்போது இது பெரிய ஓட்டை. ஆகவே கடந்த ஓர் ஆண்டில் எத்தனை முறை விழுந்தார் என்று கேளுங்கள். அடிபடாத விழுதலும் விழுதல்தான். பிறகு ஒரு சோதனை: நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடிகளோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு. எழுந்து நின்றதும் தலைசுற்றுகிறது என்றால், படுத்தும் நின்றும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். தூக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஓட்டை சர்க்கரை நோய். இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்கேனில் அடர்த்தி நல்ல அளவாகவே காட்டும். எலும்பின் தரம் அப்படி இருக்காது. ஃப்ராக்ஸ் காட்டுவதைவிட உண்மையான ஆபத்து அதிகம். இதைச் சரிக்கட்ட, முடக்குவாதம் இல்லாவிட்டாலும் அந்தக் கட்டத்தில் "ஆம்" என்று குறித்து மறுபடி கணக்கிடும் உத்தியை எலும்பு நிபுணர்கள் கையாள்கிறார்கள். நம் வீடுகளில் சர்க்கரை எவ்வளவு சகஜம் என்பதால் இதை இரண்டு விதமாகவும் கணக்கிட்டு, இரண்டு விடைகளையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, முறிவு ஆறு மாதத்துக்கு முன் நடந்ததா, இருபது வருடத்துக்கு முன் நடந்ததா என்ற வேறுபாடும் அதற்குத் தெரியாது. ஒன்றா மூன்றா என்ற எண்ணிக்கையும் தெரியாது. முதல் படியில் தேதிகளை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

படி 7: மருத்துவரிடம்

குறிப்பு, ஸ்கேன் தாள், மாத்திரைகள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். எலும்பு மெலிய வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு, கிரியாட்டினின் போன்ற இரத்தப் பரிசோதனைகளை அவர் கேட்கலாம். "மாத்திரை வேண்டுமா?" என்பதோடு நிறுத்தாமல், "விழாமல் இருக்க என்ன செய்வது, பிசியோதெரபி தேவையா?" என்றும் கேளுங்கள்.

அடுத்த டெக்ஸாவை முடிந்தவரை அதே மையத்தில், அதே கருவியில் எடுங்கள். வெவ்வேறு கருவிகளின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. புதிதாக எங்காவது முறிந்தாலோ, உயரம் 2 செ.மீ. குறைந்தாலோ, ஸ்டீராய்டு தொடங்கினாலோ அடுத்த ஸ்கேன் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்; முதல் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.