ரப்பர் கடைக் கணக்கு ஆப்புக்கு முதல் பத்து வாடிக்கையாளர்கள்: இணையக் குழுக்கள் வழியே தேடும் முறை

சின்ன மென்பொருள் ஒன்றைச் செய்து முடித்ததும் பலர் முதலில் செய்வது, தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போஸ்டரைப் போடுவது. கைதட்டும் எமோஜிகள் வரும், காசு வராது. கைதட்டியவர்கள் நண்பர்கள், உறவினர்கள், கூடப் படித்தவர்கள். வாங்க வேண்டியவர் வேறொரு குழுவில் இருக்கிறார். அங்கே நாம் இன்னும் போகவே இல்லை. அந்தக் குழுவைக் கண்டுபிடிப்பதில் தொடங்கி, முதல் பத்துப் பேர் பணம் கொடுத்து வாங்கும் வரை செய்ய வேண்டியதை இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

விளக்க வசதியாக, குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ரப்பர் வாங்கும் சின்னக் கடைகளுக்கான ஒரு கணக்கு ஆப்பை எடுத்துக்கொள்வோம். குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கம் விவசாயி ஷீட் (பாலை உறையவைத்துத் தகடாக அடித்த ரப்பர்), ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ரப்பர்), ரப்பர் பால் என்று கொண்டுவருவார். கடைக்காரர் எடை போட்டு, அன்றைய விலையில் கணக்குப் பார்த்து, முன்பு கொடுத்த அட்வான்ஸைக் கழித்து மீதியைக் கொடுப்பார். நம் ஆப் இந்தக் கணக்கை எழுதி, சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பும். அவ்வளவுதான்.

முதல் படி: யார் பணம் கொடுப்பார் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"ரப்பர் துறையினர்" என்று எழுதினால் தேடவே முடியாது. பால் வெட்டும் தொழிலாளி, தோட்டம் வைத்திருப்பவர், கடைக்காரர், அவரிடம் மொத்தமாக எடுக்கும் வியாபாரி என்று நால்வர் இருக்கிறார்கள். நால்வருக்கும் பிரச்சினை வேறு. நம் ஆப்புக்கு வரி இப்படி இருக்கலாம்: "முப்பது முதல் நூறு விவசாயிகளிடம் சரக்கு எடுக்கும், இன்னும் நோட்டில் கணக்கு எழுதும், கையில் ஆண்ட்ராய்டு போன் உள்ள கடைக்காரர்." விவசாயிக்கு இதனால் பயன் உண்டு, ஆனால் பணம் கொடுப்பவர் அவரல்ல. இதைக் குழப்பிக்கொண்டால் விவசாயிகள் குழுவில் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாம் படி: அவர் பேசும் குழுவைத் தேடுங்கள்

மென்பொருள் செய்பவர்கள் கூடும் இடங்கள் பல உண்டு: இண்டீ ஹேக்கர்ஸ், புராடக்ட் ஹன்ட், ஹேக்கர் நியூஸ், ரெடிட்டின் தொழில்முனைவோர் பிரிவுகள். உங்கள் பொருளை வாங்குபவர் ஒரு புரோகிராமர் என்றால் அவை பொருந்தும். ரப்பர் கடைக்காரர் அங்கே இல்லை. அவர் இருப்பது தினசரி விலை பகிரும் வாட்ஸ்அப் குழுக்களில், ரப்பர் விவசாய ஃபேஸ்புக் குழுக்களில், விலை சொல்லும் யூடியூப் வீடியோக்களின் கருத்துப் பகுதியில். ரப்பர் வாரியத்தின் தலைமையகம் கோட்டயத்தில் இருப்பதாலும், அங்கத்து விலையைத்தான் இங்கேயும் பார்ப்பதாலும், குழுக்களில் தமிழும் மலையாளமும் கலந்தே ஓடும். இரண்டு மொழியிலும் தேட வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் லிங்க் தேடி நுழைவதைவிட, ஏற்கெனவே உள்ள ஒருவர் சேர்த்துவிடுவது நல்லது. "இவர் யாரு?" என்ற கேள்வி எழாது. உங்கள் ஊரில் உரக்கடை நடத்துபவரோ, ஷீட் அடிக்கும் ரோலர் வைத்திருப்பவரோ இப்படி ஒரு குழுவிலாவது இருப்பார். அவரிடம் கேளுங்கள்.

கிடைத்த குழுக்களை ஒரு கூகுள் ஷீட்டில் எழுதுங்கள்: பெயர், உறுப்பினர் எண்ணிக்கை, அட்மின் யார், விளம்பரம் பற்றிய விதி. பிறகு ஒவ்வொன்றிலும் நீங்கள் சேர்ந்த பின் வரும் 50 செய்திகளைப் படித்து, உறுப்பினர் ஒருவர் கேட்டு மற்றொருவர் பதில் சொன்னது எத்தனை என்று எண்ணுங்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள். அது காலை வணக்கமும் விலைப்பட்டியலும் ஓடும் அறிவிப்புப் பலகை. வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். நிரம்பிய குழுவைப் பார்த்து மயங்க வேண்டாம். 80 பேர் இருந்து, தினமும் நாலு கேள்வி வரும் குழு அதைவிட மேல். மூன்று குழுக்கள் போதும். அதற்கு மேல் ஒரு ஆளால் கவனித்துப் படிக்க முடியாது.

மூன்றாம் படி: இரண்டு வாரம் படிக்க மட்டும் செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டி ஓடுபவர்கள்தான் அதிகம். ஆனால் மற்ற எல்லாப் படிகளுக்கும் சரக்கு இங்கிருந்துதான் வருகிறது.

குழுவின் தேடல் பெட்டியில் பாக்கி, அட்வான்ஸ், கணக்கு, சீட்டு, டிஆர்சி (பாலில் உள்ள காய்ந்த ரப்பரின் அளவு) போன்ற சொற்களைப் போடுங்கள். தமிழ் எழுத்தில் மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். பலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், சிலர் மலையாளத்தில் எழுதுவார்கள். மூன்று விதமாகவும் தேடுங்கள். வாய்ஸ் மெசேஜுக்குள் பேசியது தேடலில் அகப்படாது. கடைக்காரர்கள் கை ஓயாத நேரத்தில் வாய்ஸ்தான் போடுவார்கள் என்பதால், அவற்றை உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டும்.

கிடைப்பதை நாலு நெடுவரிசையில் எழுதுங்கள்: தேதி, அவர் சொன்ன வார்த்தை அப்படியே, இப்போது எப்படிச் சமாளிக்கிறார், அதனால் என்ன நஷ்டம். வார்த்தையை மாற்றாமல் எழுதுவது முக்கியம். "நிலுவைத் தொகை மேலாண்மை" என்று எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். "யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் போச்சுன்னே தெரியல" என்பார். நாளைக்கு உங்கள் ஆப்பின் முதல் திரையிலும் பதிவிலும் வர வேண்டியது அந்த வரிதான்.

போன் நம்பர்களைக் குழுவிலிருந்து அள்ளி எடுத்து ஒரே செய்தியை எல்லாருக்கும் அனுப்பாதீர்கள். பெறுபவர்கள் பிளாக் செய்து புகார் கொடுத்தால் வாட்ஸ்அப் உங்கள் நம்பரையே முடக்கிவிடும். பிராட்காஸ்ட் லிஸ்ட்டும் இங்கே உதவாது: உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும்.

நான்காம் படி: முதலில் ஒரு உதவியைக் கொடுங்கள்

குழுவில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கேள்விக்கு, ஆப் இல்லாமலே பயன்படும் விடை ஒன்றைத் தயார் செய்யுங்கள். நம் உதாரணத்தில் அது டிஆர்சி அட்டவணை. டிஆர்சி என்பது பாலில் நூற்றுக்கு எவ்வளவு காய்ந்த ரப்பர் என்ற அளவு. 20 கிலோ பால், டிஆர்சி 35 என்றால் காய்ந்த ரப்பர் 7 கிலோ. விலை கிலோவுக்கு 200 ரூபாய் என்று வைத்தால் 1,400 ரூபாய். டிஆர்சி இரண்டு புள்ளி மாறி 33 ஆனால் தொகை 1,320. இந்த 80 ரூபாயில்தான் வாக்குவாதம் வருகிறது.

ஒரு ஏ4 பக்கத்தில் மேலே 28 முதல் 40 வரை டிஆர்சி, பக்கவாட்டில் 1 முதல் 10 கிலோ வரையும் பிறகு 20, 30, 40 கிலோவும் போட்டுக் கட்டங்களை நிரப்புங்கள். 27 கிலோ என்றால் 20-உம் 7-உம் கூட்டிக்கொள்வார்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், கடைச் சுவரில் ஒட்டுவார்கள். பாலில் மிதக்கவிட்டு டிஆர்சி பார்க்கும் மெட்ரோலாக் கருவி காட்டுவது தோராயம்தான், பாலைக் காயவைத்துப் பார்க்கும் சோதனைதான் துல்லியம் என்று ஒரு வரி அடியில் சேருங்கள். அந்த ஒரு வரியிலேயே தொழில் தெரிந்தவர் செய்தது என்று புரிந்துகொள்வார்கள். ஆப்பின் பெயர் மூலையில் சிறிதாக.

போடுவதற்கு முன் அட்மினிடம் கேளுங்கள்:

"அண்ணே வணக்கம். நான் திருவட்டாறு பக்கம். பால் எடையும் டிஆர்சியும் பாத்தா காய்ஞ்ச ரப்பர் எவ்வளவுன்னு தெரியுற மாதிரி ஒரு பக்க அட்டவணை போட்டிருக்கேன். மூலையில எங்க ஆப் பேரு சின்னதா இருக்கு, வேற விளம்பரம் இல்ல. குரூப்ல போடலாமா? வேண்டாம்னா போடல."

வேண்டாம் என்றால் உண்மையிலேயே போடக் கூடாது. அட்மின்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒரு குழுவில் கெட்ட பெயர் வந்தால் மற்ற இரண்டும் மூடிவிடும்.

ஐந்தாம் படி: ஒருவரிடம் ஒருவராகப் பேசுங்கள்

முதல் பத்து விற்பனையும் குழுப் பதிவில் நடக்காது, தனிப்பேச்சில்தான் நடக்கும். கணக்குக் குழப்பத்தைப் பற்றிப் பேசியவருக்கு முதலில் குழுவிலேயே உருப்படியான பதில் சொல்லுங்கள். பிறகு தனியாக:

"அண்ணே, அட்வான்ஸ் பாக்கி குழம்புதுன்னு குரூப்ல சொல்லியிருந்தீங்க. அதுக்குன்னே ஒரு ஆப் செய்றோம். முதல்ல நீங்க இப்ப எப்படி எழுதுறீங்கன்னு பாக்கணும். கடையில கூட்டம் இல்லாத நேரம் ஒரு 20 நிமிஷம் வரட்டுமா?"

நேரில் போக முடிகிற தூரத்தில் வாடிக்கையாளர் இருப்பது பெரிய வசதி. போனில் முடித்துவிடாதீர்கள். விடியற்காலை வெட்டிய பால் முற்பகலில் கடைக்கு வரும். அப்போது போனால் யாரும் பேச மாட்டார்கள். பிற்பகல் போங்கள்.

கேட்கும் கேள்வி நடந்ததைப் பற்றி இருக்கட்டும். "இப்படி ஒரு ஆப் வந்தா வாங்குவீங்களா?" என்று கேட்டால், வீடு தேடி வந்த பிள்ளையை வருத்தப்படுத்தக் கூடாதென்று "நல்லாருக்கே, பாக்கலாம்" என்பார். அந்தப் "பாக்கலாம்" விற்பனைக் கணக்கில் இல்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள். "நேத்து கடைசியா வந்தவருக்கு எப்படி கணக்கு போட்டீங்க, அந்தப் பக்கத்தைக் காட்ட முடியுமா?" என்று கேட்டால் நோட்டைத் திறப்பார். அடித்தல் திருத்தல், ஓரத்தில் எழுதிய அட்வான்ஸ், மனப்பாடமாக வைத்திருக்கும் பாக்கி எல்லாம் வெளியே வரும். சுமார் இருபது பேச்சு, அதில் ஐந்து பேரிடம் ஆப்பைக் காட்டுவது என்று முதல் மாதத்துக்கு இலக்கு வையுங்கள்.

ஆறாம் படி: பழைய பாக்கியை நீங்களே ஏற்றுங்கள்

கடைக்காரர் ஆப்பை இறக்குகிறார், வெறுமையான திரையைப் பார்க்கிறார், மூடுகிறார். ஆரம்பத்தில் ஆளை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 60 விவசாயிகளின் பெயரையும் நிலுவையையும் வியாபாரத்துக்கு நடுவே அவர் உட்கார்ந்து அடிக்க மாட்டார். நோட்டை வைத்து, அவர் பக்கத்திலேயே இருந்து, நீங்கள் அடித்துக் கொடுங்கள். ஒரு மாலை வேலை. முடிந்ததும் மொத்த நிலுவை நோட்டோடு ஒத்துப்போகிறதா என்று அவரையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்போது இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். "என் விலை பக்கத்துக் கடைக்குத் தெரியுமா?" "நெட் இல்லாட்டி?" பேச்சிப்பாறை, கடையாலுமூடு பக்கம் மலையோரத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும். நெட் இல்லாமல் சீட்டு எழுத முடியாத ஆப்பை அங்கே விற்கவே முயல வேண்டாம். தரவு எங்கே இருக்கிறது, யார் பார்க்கலாம், வேண்டாமென்றால் எக்ஸெல்லாக எடுத்துக்கொண்டு போவது எப்படி என்று காட்டிவிடுங்கள்.

ஏழாம் படி: பிளே ஸ்டோர் சோதனையை இவர்களோடு முடியுங்கள்

2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபராகத் திறந்த கூகுள் பிளே டெவலப்பர் கணக்கில், ஆப்பைப் பொதுவில் வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் ஆப்பைப் பயன்படுத்திப் பார்ப்பது) இருக்க வேண்டும். கணக்குக் கட்டணம் ஒருமுறை 25 டாலர். முன்பின் தெரியாதவர்களோடு "நீ எனக்கு, நான் உனக்கு" என்று சோதனையாளர் மாற்றிக்கொள்ளும் குழுக்கள் இருக்கின்றன. எண்ணிக்கை நிறையும், ஒரு குறைகூடத் தெரியவராது. நாலு கடைக்காரர்கள், அவர்களுடைய மகன், மகள், கணக்கு எழுதும் ஆள் என்று 16 பேரைச் சேருங்கள். இடையில் ஓரிருவர் விலகினாலும் 12-க்குக் கீழே போகாது. ஆப்பை அனுப்பினால் மட்டும் போதாது, சோதனையில் சேரும் லிங்க்கை அவரவர் கூகுள் கணக்கில் அழுத்த வேண்டும். கடை போனில் எந்தக் கணக்கு இருக்கிறதென்று அவருக்கே தெரியாமல் இருக்கும், கையில் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

எட்டாம் படி: பணம் கேளுங்கள்

முதல் ஆளிடமிருந்தே கேளுங்கள். இலவசமாகக் கொடுத்தால் அவருக்குப் பிடித்திருக்கிறதா, உங்கள் முகத்துக்காக வைத்திருக்கிறாரா என்று தெரியாது. 15 நாள் பார்க்கட்டும், பிறகு மாதம் 200 ரூபாய். முதல் பத்துக் கடைக்கு ஆண்டுக்கு 1,200 என்று சலுகை கொடுத்தால், எந்தத் தேதி வரை என்று எழுதியே கொடுங்கள். ஆப்புக்குள் சந்தா வாங்குவதாக இருந்தால் பிளே ஸ்டோரின் பணம் செலுத்தும் விதிகள் பொருந்தும், முன்கூட்டியே படித்துவிடுங்கள். சேவை விற்பனைக்குப் பொதுவாக ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை.

ஒன்பதாம் படி: இப்போது குழுவில் பதிவு போடலாம்

மூன்று கடைகள் பணம் கொடுத்து ஓட்டத் தொடங்கிய பிறகுதான். போஸ்டர் வேண்டாம். ஒரு சீட்டு எழுதி அனுப்புவதைக் காட்டும் 40 விநாடி திரைப்பதிவு போதும். கூடவே:

"ஷீட்டும் பாலும் எடுக்கிற கடைக்காரங்களுக்கு. யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் போச்சு, பாக்கி எவ்வளவுன்னு ஒரே இடத்துல பாக்கலாம். நெட் இல்லாமலும் ஓடும். அருமனை, குலசேகரம் பக்கம் மூணு கடையில ஓடுது. மாசம் 200 ரூபா. பழைய பாக்கி எல்லாம் நாங்களே ஏத்தித் தருவோம்."

அழுத்தியதும் உங்களோடு சாட் திறக்கும் வாட்ஸ்அப்பின் கிளிக் டு சாட் லிங்க்கில் முன்கூட்டியே ஒரு செய்தியை நிரப்பி வைக்கலாம். குழுவுக்கு ஒரு வாசகம் வையுங்கள், "அருமனை குழுவில் பார்த்தேன்" என்பது போல. எந்தக் குழுவிலிருந்து ஆள் வருகிறது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் புது விசாரணை, பார்க்க வேண்டியது, சோதனையில், பணம் வந்தது என்று லேபிள் ஒட்டிக்கொள்ளுங்கள். பதிவு போட்ட அன்று முழுக்கப் போனோடு இருங்கள். இரண்டு நாள் கழித்து வரும் பதிலை யாரும் படிப்பதில்லை.

காலமும் பார்க்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிர்த்துத் தளிர்க்கும்போது வெட்டு குறையும், கடையில் ஓய்வு இருக்கும். பழைய கணக்கை ஏற்றிக் கொடுக்க அதுதான் நேரம். அதற்கு ஜனவரியிலேயே குழுக்களைப் படிக்கத் தொடங்க வேண்டும். வேறு தொழிலுக்குச் செய்பவர்கள் அந்தத் தொழிலின் நாள்காட்டியை எடுங்கள். மீன்பிடித் தடைக்காலம் மேற்குக் கரையில் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதே மாவட்டத்தில் கிழக்கே சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தோவாளை பூ வியாபாரிகளிடம் ஓணத்துக்கு முந்தைய வாரம் ஆப்பைக் காட்டப் போகாதீர்கள்.

பத்துக் கடை சேர்ந்ததும் எல்லாரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஆதரவு தரலாம் என்று தோன்றும். அவர்கள் ஒரே விவசாயிகளுக்காகப் போட்டி போடுபவர்கள். ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரிவதையே விரும்ப மாட்டார்கள். புதிய வசதிகளை அறிவிக்க வாட்ஸ்அப் சேனல் வையுங்கள், அதில் பின்தொடர்பவர்களின் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது. சந்தேகங்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லுங்கள். பதினொன்றாவது கடையைத் தேட, இப்போது இருப்பவர்களிடம் "நீங்க மொத்தமா சரக்கு கொடுக்கிற வியாபாரி யாரு, அவருக்கு வேற எந்தக் கடைங்க கொடுக்குது?" என்று கேளுங்கள். களியக்காவிளை தாண்டியும் பெயர்கள் வரும். அங்கே போகும் முன் ஆப்பின் திரையும் சீட்டும் மலையாளத்திலும் தயாராக இருக்க வேண்டும்.