கடலுக்கடியில் படம் எடுக்க விளக்கு: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது

கோப்ரோ மாதிரி ஆக்‌ஷன் கேமராவோ, ஹவுசிங்கில் (தண்ணீர் புகாத உறையில்) போட்ட சின்ன காம்பாக்ட் கேமராவோ வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். டைவிங் சான்றிதழ் இருக்கிறது, ஏறாமல் இறங்காமல் ஒரே ஆழத்தில் மிதந்து நிற்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். அது இன்னும் கைவராதவர்கள் முதலில் அதைப் பழகுங்கள். ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) மணலைக் கிளப்பிவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய விளக்கும் அந்தப் படத்தைக் காப்பாற்றாது.

நான் அதிகம் இறங்குவது புதுச்சேரி கடலில். மழை, நீரோட்டத்தைப் பொறுத்து அங்கே தண்ணீர் நாளுக்கு நாள் மாறும். கலங்கல் அடிக்கடி இருக்கும். அந்தமான் தெளிவில் எப்படி வைத்தாலும் ஓரளவு ஒப்பேறிவிடும் விளக்கு இங்கே ஒப்பேறாது. அதனால் கலங்கல் தண்ணீரை மனத்தில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

விளக்கு ஏன் வேண்டும்?

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. சுமார் 5 மீட்டரிலேயே பெரும்பகுதி போய்விடும். அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள். விளக்கு அந்த நிறங்களைத் திருப்பித் தருகிறது, ஆனால் பக்கத்தில் மட்டும். நம் விளக்கின் ஒளியும் அதே தண்ணீருக்குள்தான் போக வேண்டும்: மீன்வரை போய், மறுபடி லென்ஸ்வரை வர வேண்டும். மீன் 3 மீட்டர் தள்ளி இருந்தால் ஒளி நடப்பது 6 மீட்டர். சிவப்பு வழியிலேயே தீர்ந்துவிடும். என் கணக்கில் 1 மீட்டருக்குள் வருவதற்குத்தான் விளக்கு. அதற்கு அப்பால் இருப்பதை இயற்கை வெளிச்சத்தில் எடுங்கள்.

1. தேர்ந்தெடுப்பது

ஸ்டில் படம்தான் முக்கியம், கேமராவில் ஃபிளாஷ் இருக்கிறது என்றால் ஸ்ட்ரோப், அதாவது தண்ணீருக்கடியில் வேலை செய்யும் தனி ஃபிளாஷ், வாங்குங்கள். கேமரா ஃபிளாஷின் ஒளியை ஃபைபர் ஆப்டிக் கேபிள் கொண்டுபோய் ஸ்ட்ரோபைத் தூண்டிவிடும். அந்த ஒரு நொடித்துளி வெளிச்சத்தின் பலம் எல்இடி விளக்குக்கு வராது. நீந்தும் மீனும் படத்தில் உறைந்து நிற்கும். ஆக்‌ஷன் கேமராவில் ஃபிளாஷ் கிடையாது, ஆகவே தொடர்ந்து எரியும் வீடியோ லைட்தான் வழி.

வீடியோ லைட்டில் எல்லோரும் லூமன் (வெளிச்சத்தின் அளவு) எண்ணைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்க்கும் வரிசை வேறு.

முதலில் ஒளி விரியும் கோணம். ஆக்‌ஷன் கேமராவின் லென்ஸ் மிக அகலம். டைவ் டார்ச்சை மாட்டினால் நடுவில் ஒரு வெள்ளை வட்டம், சுற்றிலும் இருட்டு. பெட்டியில் 120 பாகை என்று போட்டிருந்தால், அது காற்றிலா தண்ணீரிலா என்று கேளுங்கள். முகப்புக் கண்ணாடி தட்டையாக இருந்தால், ஒளி தண்ணீருக்குள் நுழையும்போது வளைந்து அந்த 120 சுமார் 80 ஆகச் சுருங்கும். குவிந்த முகப்பு உள்ள விளக்கில் இந்தச் சுருக்கம் பெரும்பாலும் இல்லை. காசு கொஞ்சம் கூடினாலும் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

அடுத்து நிறத்தின் தரம். சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற எண், முழு மதிப்பு 100) 90க்கு மேல் இருக்கட்டும், நிற வெப்பநிலை (வெளிச்சம் மஞ்சளா நீலமா என்பதைச் சொல்லும் அளவு) 5000 முதல் 5600 கெல்வினுக்குள். லூமன் இதற்குப் பிறகுதான். 5000 லூமனில் ஒன்றைவிட 2500இல் இரண்டு மேல். ஒற்றை விளக்கு ஒரு பக்கம் கனத்த நிழலைப் போடும்.

பேட்டரி 18650 அல்லது 21700 என்ற அளவிலான லித்தியம் வகையாக, கழற்றி மாற்றக்கூடியதாக இருந்தால் நல்லது. விமானத்தில் போகும்போது உதிரி பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் வைக்கக்கூடாது. முனைகளை மூடி, கைப்பையில் கொண்டுபோங்கள்.

2. மாட்டுவது

கேமராவைப் பொருத்த, இரண்டு கைப்பிடி உள்ள ட்ரே (தட்டு) ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு கைப்பிடியின் தலையிலும் 1 அங்குல உருண்டை இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 5 அங்குலத்தில் ஓர் ஆர்ம் (விளக்கைத் தாங்கும் கை), 8 அங்குலத்தில் ஓர் ஆர்ம், உருண்டைகளைப் பிடித்து இணைக்கும் கிளாம்ப் மூன்று. வளைத்து வைக்கும் பிளாஸ்டிக் ஆர்ம் மலிவு, மடக்கவும் எளிது. ஆனால் கனமான விளக்கைத் தாங்காமல் தொங்கும், நீரோட்டத்தில் ஆடும், நடுவில் கழன்றும் வரும். எனக்கு அது பிடிக்காது.

உருண்டையைச் சுற்றியிருக்கும் சின்ன ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பிடிப்புக்காக. அதற்கு கிரீஸ் போடாதீர்கள், வழுக்கும். கிரீஸ் விளக்கின் மூடியில் இருக்கும் ஓ-ரிங்குக்கு மட்டும், அதுவும் பளபளக்கும் அளவுக்கு மெல்லியதாக. ஒரு முடி, ஒரு மணல் துகள் அங்கே இருந்தாலும் தண்ணீர் உள்ளே வரும்.

எல்லாம் பூட்டியதும் பெரிய தொட்டியில் முழுக்கிப் பாருங்கள். கல்லாக மூழ்கினால் ஆர்மில் மிதவை சேர்க்க வேண்டும், இல்லையென்றால் மணிக்கட்டு வலிக்கும். கடல்நீர் சற்று அடர்த்தி என்பதால் தொட்டியில் லேசாகக் கனப்பது கடலில் சரியாக வரும்.

3. கோணம் வைப்பது

எனக்கு நீண்ட நாள் பிடிபடாமல் இருந்த இடம் இதுதான். விளக்கு வாங்கிய பிறகு வீடியோ முழுக்க வெள்ளைப் புள்ளியாக வருகிறது என்று சொல்பவர்கள் அநேகம் பேர். கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் மட்டும் தூசி தெரிவதுபோல, ஒளி படும் தண்ணீரில் மட்டும்தான் மிதக்கும் துகள் தெரியும். அப்படியானால் லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரில் வெளிச்சம் படக்கூடாது. மீன்மேல் மட்டும் பட வேண்டும்.

விளக்கை மீனை நோக்கித் திருப்புவதுதான் இயல்பாகக் கை செய்யும் வேலை. அப்படித் திருப்பினால் இரண்டு ஒளிக்கூம்புகளும் லென்ஸுக்கு நேர் எதிரே சந்திக்கும். அங்கே இருக்கும் துகள் அத்தனையும் பளிச்சிடும்.

இப்படிச் செய்யுங்கள். அசையாத ஒரு பாறையின் முன் 50 செ.மீ. தூரத்தில் நில்லுங்கள். ஆர்ம்களை விரித்து, விளக்குகளையும் லென்ஸிலிருந்து ஏறக்குறைய அதே 50 செ.மீ. பக்கவாட்டில் கொண்டுபோங்கள். விளக்கின் முகம் லென்ஸைத் தாண்டி முன்னால் வரக்கூடாது. கைப்பிடிக்கு நேராக, முடிந்தால் சற்றுப் பின்னால். இப்போது வலது விளக்கை அணைத்துவிட்டு, இடதை நேர் முன்னோக்கி வையுங்கள். திரையைப் பார்த்தபடியே மெதுவாக வெளிப்பக்கம் திருப்புங்கள். புள்ளிகள் குறைந்துகொண்டே வரும். பாறை இருளத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு துளி உள்ளே கொண்டுவாருங்கள். ஒளிக்கூம்பின் ஓரம் மட்டும் பாறையைத் தொடும் நிலை அது. அப்புறம் இடதை அணைத்து வலது. இரண்டையும் சேர்த்து எரியவிட்டுத் திருகினால் எந்த விளக்கால் புள்ளி வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

தூரம் மாறினால் கோணமும் மாறும். கடல் அட்டை, சின்ன இறால் என்று நெருங்கும்போது ஆர்மை மடக்கி விளக்கை லென்ஸ் அருகே கொண்டுவாருங்கள்.

4. கேமராவில்

சிவப்பு ஃபில்டர் போட்டிருந்தால் கழற்றுங்கள். ஃபில்டரும் விளக்கும் சேர்ந்தால் மீன் செக்கச்செவேல் என்றாகும். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) 5500 கெல்வின் அளவில் நிலையாக வையுங்கள். ஆட்டோவில் விட்டால் ஒரே காட்சிக்குள் நிறம் மாறும்.

படகிலிருந்து குதிக்கும்போது கையில் கேமராவும் விளக்கும் வேண்டாம். தண்ணீரில் இறங்கியபின் படகில் இருப்பவரிடம் வாங்கி, லேன்யார்டை (கேமராவை உடலோடு பிணைக்கும் கயிறு) மாட்டிக்கொள்ளுங்கள். கரையில் சோதிக்கும்போது முழு வெளிச்சத்தில் விடாதீர்கள். தண்ணீரின் குளிர்ச்சியை நம்பிச் செய்த விளக்குகள் காற்றில் சீக்கிரம் சுடும். ஆக்டோபஸ், கடல்குதிரை போன்றவற்றின் முகத்தில் தொடர்ந்து அடிக்காதீர்கள். சில நொடி எடுத்துவிட்டு நகருங்கள்.

பின்சேர்க்கை: படித்த சிலர், வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதாக எழுதியிருந்தார்கள். விளக்கைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பல எல்இடி விளக்குகள் வெளிச்சத்தைக் குறைக்க வேகமாக அணைந்து அணைந்து எரியும். கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். முழு வெளிச்சத்தில் வைத்து, விளக்கைச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். அப்போதும் பட்டை இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடிக்குக் குறைத்துப் பாருங்கள்.

இன்னொருவருக்கு கிளாம்ப் நீருக்கடியில் தளர்ந்துகொண்டே இருந்தது. பிரித்துப் பார்த்தால் உருண்டையில் ஓ-ரிங்கே இல்லை. ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் ஊறவைக்கும்போது அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உதிரியாக நான்கைந்து பையில் இருக்கட்டும்.