அலுவலக மெயிலில் ஸ்பாம் ஃபில்டர்: சொந்த டொமைனை அப்ரூவ்டு லிஸ்டில் சேர்க்காதீர்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறைக்கு ஆர்டர் எல்லாம் மெயிலில்தான் வரும். நாங்கள் வைத்திருப்பது கூகுள் வொர்க்ஸ்பேஸ். அட்மின் லாகின் உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஸ்பாம் ஃபோல்டரைப் பாருங்கள். 30 நாளில் தானாக அழிந்துவிடும். நல்ல மெயில் மாட்டியிருந்தால் 'நாட் ஸ்பாம்' அழுத்துங்கள்.

அடுத்து ஃபில்டர். 'இன்வாய்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு டெலீட் போடவே கூடாது. கஸ்டமர் மெயிலிலும் அதே சொல்தான் இருக்கும். அந்தச் சொல்லோடு ஜிப் அட்டாச்மென்டும் இருந்தால் மட்டும் பிடிக்கும்படி வையுங்கள். அப்போதும் டெலீட் வேண்டாம், ஒரு லேபிளில் ஒதுக்கினால் போதும்.

நான் இடறியது அப்ரூவ்டு சென்டர் லிஸ்டில். அதில் இருப்பவர்களின் மெயில் ஸ்பாம் ஃபில்டரைத் தாண்டி நேராக இன்பாக்ஸுக்கு வரும். எங்கள் வெப்சைட் ஃபார்மிலிருந்து வரும் விசாரணைகள் ஸ்பாமுக்குப் போயின. சரி என்று எங்கள் டொமைனையே (மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) அந்த லிஸ்டில் சேர்த்தேன். இரண்டே வாரத்தில் என் முகவரியிலிருந்து, கணக்கு பார்க்கும் அக்காவுக்கு ஒரு மெயில்: சப்ளையரின் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இன்றே பணம் அனுப்பவும். அக்கா போன் செய்தார். "தம்பி, எப்பவும் தமிழ்லதானே எழுதுவீங்க, இது என்ன இங்கிலீஷ்ல?" அவர் கேட்காமல் இருந்திருந்தால் பணம் போயிருக்கும்.

அந்த மெயிலில் மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' திறந்தேன். எஸ்பிஎஃப் (ஒரு டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) ஃபெயில், டிகிம் (மெயிலோடு வரும் டிஜிட்டல் கையெழுத்து) வரியே இல்லை. தபால் உறையில் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம் இல்லையா, மெயிலிலும் அப்படித்தான். ஃபில்டர் நிறுத்தியிருக்க வேண்டிய அந்த மெயிலை, நான் போட்ட லிஸ்ட் உள்ளே விட்டுவிட்டது.

உங்கள் டொமைன் லிஸ்டில் இருந்தால் இப்போதே எடுங்கள். லிஸ்டில் உள்ள மற்ற டொமைன்களுக்கு 'ஆதென்டிகேஷன் தேவை' (அனுப்பியவர் உண்மையானவரா என்ற சோதனையில் தேற வேண்டும்) என்பதை ஆன் செய்யுங்கள். ஃபார்ம் மெயில் ஸ்பாமுக்குப் போனதன் காரணம், வெப் ஹோஸ்டின் சர்வர் எங்கள் எஸ்பிஎஃப் ரெக்கார்டில் இல்லாததுதான். இருக்கும் ரெக்கார்டிலேயே அதைச் சேருங்கள். இரண்டாவதாக ஒன்று போட்டால் இரண்டுமே செல்லாது. அப்புறம் டிகிம் ஆன் செய்து, டிமார்க்கை (இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற விதி) 'நன்' (எதுவும் செய்யாதே) என்று தொடங்கி, ரிப்போர்ட்டுகளைப் பார்த்த பிறகு 'குவாரன்டைன்' (ஸ்பாமில் ஒதுக்கு) ஆக்குங்கள். காசு கொடுத்துத் தனி ஸ்பாம் சாஃப்ட்வேர் வாங்குவதை இதற்கெல்லாம் பிறகு யோசிக்கலாம்.

பின்சேர்க்கை: கிண்டியிலிருந்து ஒரு நண்பர், பழைய முகவரியிலிருந்து ஃபார்வர்டு ஆகும் மெயிலுக்கு எஸ்பிஎஃப் ஃபெயில் காட்டுகிறதே என்றார். ஃபார்வர்டு செய்யும் சர்வர் வேறு என்பதால் அப்படி ஆகும். டிகிம் பாஸ் ஆகி, அதில் இருக்கும் டொமைன் அனுப்பியவருடையதுதானா என்று பாருங்கள்.