‘டேக் ஆஃப்’: கழற்றுவதும் கிளம்புவதும்

வேலூரில் ஆற்காடு சாலையை ஒட்டிய ஒரு ஸ்கேன் மையத்தில் வேலைக்குச் சேர்ந்த என் மாணவி, கொல்கத்தாவிலிருந்து சிகிச்சைக்கு வந்திருந்த ஓர் அம்மையாரிடம் வளையல்களைக் கழற்றச் சொல்ல நினைத்து, ‘டேக் யுவர் பேங்கிள்ஸ்’ என்று சொல்லிவிட்டாள். அவரோ, தமக்குரிய வளையல் எதுவும் மேசைமேல் இருக்கிறதா என்று தேடத் தொடங்கினார். ‘ஆஃப்’ என்னும் ஒரு சிறு சொல் விடுபட்டதால் வந்த குழப்பம் அது.

‘செருப்பை எடு’ என்பதற்கும் ‘செருப்பைக் கழற்று’ என்பதற்கும் தமிழில் எவ்வளவு வேறுபாடு உண்டோ, அவ்வளவு வேறுபாடு ‘டேக்’ என்பதற்கும் ‘டேக் ஆஃப்’ என்பதற்கும் உண்டு. ஆகவே இரண்டு சொற்களையும் தனித்தனியே பெயர்க்காமல், ஒரே வினையாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒட்டியிருந்தது விலகுவதே ‘ஆஃப்’ தரும் பொருள். 1806 ஜூலை 10 அன்று நம் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழக் காரணமான புதிய விதிகளை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தால் இது விளங்கும்: கடுக்கனுக்கு ‘டேக் ஆஃப்’, நெற்றிக் குறிக்கு ‘வைப் ஆஃப்’, தாடிக்கு ‘ஷேவ் ஆஃப்’. வினை மாறினாலும் ‘ஆஃப்’ மாறவில்லை.

இனி, ‘டேக் ஆஃப்’ வரும் வாக்கியத்தில் எது விலகுகிறது என்று பாருங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் வாசலில் விடும் செருப்பு, மூக்குக்கண்ணாடி, மோதிரம் போன்றவை என்றால், கழற்றுதல். அடுப்பிலிருக்கும் பாத்திரம் என்றால், இறக்குதல். நேதாஜி மார்க்கெட்டில் ‘டேக் ட்வென்டி ருபீஸ் ஆஃப்’ என்றால், விலையில் இருபது ரூபாய் குறைக்கக் கேட்பதாகும். ‘டேக் மண்டே ஆஃப்’ என்றால், திங்களன்று விடுப்பு எடுப்பது. இங்கே நாளின் பெயர் நடுவில் நிற்பதே வழக்கம்.

கழற்ற ஒரு பொருளும் இல்லாமல், ‘டேக் ஆஃப்’ என்பதன் இறந்தகாலமான ‘டுக் ஆஃப்’ என்று வாக்கியம் முடிந்தால், எழுவாய்தான் விலகுகிறது. விமானம் என்றால் தரையை விட்டு மேலெழுந்தது; ஆள் என்றால் சட்டென்று கிளம்பிவிட்டான்; கடை என்றால் வியாபாரம் சூடுபிடித்தது. ஒருவரைப் போல நடித்துக் காட்டுவதற்கும் பிரிட்டன்காரர்கள் இதைச் சொல்வதுண்டு.

என் வகுப்பில் அதிகம் தவறுவது சொல்வரிசையில்தான். ‘டேக் ஆஃப் யுவர் ஷூஸ்’, ‘டேக் யுவர் ஷூஸ் ஆஃப்’ இரண்டும் சரி. ஆனால் ஷூவுக்குப் பதிலாக ‘தெம்’ வந்தால், அது நடுவில்தான் நிற்க வேண்டும்: ‘டேக் தெம் ஆஃப்’. ‘டேக் ஆஃப் தெம்’ என்று ஒருபோதும் சொல்லக்கூடாது. கழற்றியதைத் திரும்ப அணியச் சொல்லும்போது ‘டேக் ஆன்’ அன்று, ‘புட் தெம் ஆன்’. வளையல் கழற்றும் இடத்தில் வேலை செய்பவர்கள் இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பழக வேண்டும்.