பழைய டெஸ்க்டாப்புக்குக் குறைந்த செலவில் ரேம் கூட்டுவது எப்படி?

கம்ப்யூட்டர் திணறுகிறது என்றதும் புதிதாக ஒன்று வாங்கத்தான் பலருக்கும் தோன்றும். 2 அல்லது 4 ஜிபி ரேமோடு (திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) ஓடும் பழைய டெஸ்க்டாப்பை 8 ஜிபிக்குக் கொண்டுபோனாலே அன்றாட வேலைக்கு அது இன்னும் சில வருடம் தாங்கும். மாட்டுவது எளிது. சரியான ரேமைத் தேர்ந்தெடுப்பதில்தான் பணம் மிச்சமாவதும் வீணாவதும் இருக்கிறது.

படி 1: குறை ரேமில்தானா?

வழக்கமாகத் திறந்து வைக்கும் எல்லாவற்றையும் திறந்துகொள்ளுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியை, அதாவது ரேமை, பாருங்கள். 90 சதவீதத்தை ஒட்டியே நின்றால் ரேம் போதவில்லை. மெமரி பாதி காலியாக இருந்தும் டிஸ்க் மட்டும் 100 சதவீதம் காட்டினால், ரேமுக்குச் செலவழிக்காதீர்கள். அந்தப் பணத்தில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி வாங்குங்கள். இரண்டுமே உச்சத்தில் இருந்தால் முதலில் ரேம்தான், ஏனென்றால் ரேமில் இடம் பற்றாதபோது விண்டோஸ் டிஸ்கையே ரேம் போலப் பயன்படுத்தும்.

அப்புறம், விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று சிஸ்டம் விவரத்தில் பாருங்கள். சாதாரண 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. 64 பிட்டுக்கு மாற, ஃபைல்களைப் பத்திரப்படுத்திவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.

படி 2: உங்கள் போர்டு (மதர்போர்டு) எதை ஏற்கும்?

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். மெயின்போர்டு பக்கத்தில் மாடல் பெயரும், மெமரி பக்கத்தில் ரேமின் வகையும் இருக்கும். டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 ஒன்றுக்கொன்று மாற்றி மாட்ட முடியாது. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்4-க்கு 288 பின்.

மாடல் பெயரைத் தேடி, தயாரிப்பாளரின் பக்கத்தில் அதிகபட்ச ரேம் அளவைப் பாருங்கள். உதாரணமாக, இன்டெல் ஜி41 சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) 8 ஜிபியோடு நின்றுவிடும். எச்61 போர்டுகள் 16 ஜிபி வரை போகும். ஜி41 போர்டில் ஒரே 8 ஜிபி ரேமைப் போட்டால் வேலை செய்யாது, இரண்டு 4 ஜிபிதான் சரி.

படி 3: வாங்குவது

ரேம் மாட்டும் ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தால், இருப்பதைக் கழற்றாமல் அதே அளவில் இன்னொன்று சேர்ப்பதே மலிவான வழி. பெரும்பாலும் இரண்டும் டூயல் சேனலில், அதாவது இரண்டு பாதையில் ஒரே நேரத்தில், ஓடும் என்பதால் வேகமும் கொஞ்சம் கூடும். வேகம் வேறாக இருந்தால் இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கி ஓடும், அது பெரிய விஷயமில்லை. ஸ்டிக்கரில் பிசி3-12800 என்று இருந்தால் அது டிடிஆர்3-1600. பிசி3-10600 என்றால் 1333.

பயன்படுத்திய ரேமை வாங்கத் தயங்க வேண்டாம். தேய்கிற பாகம் எதுவும் அதில் இல்லை. திருப்பித் தர வழி இருக்கிறதா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் இரண்டு வகையை மட்டும் தொடாதீர்கள். ஒன்று, ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று விற்கும் டிடிஆர்3; இன்டெல் போர்டில் அது ஓடாது. இன்னொன்று சர்வர்களுக்கான ரெஜிஸ்டர்ட் ரேம்; சாதாரண டெஸ்க்டாப் அதை ஏற்காது.

படி 4: மாட்டுவது

ஷட் டவுன் செய்து பவர் கேபிளைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். பக்கக் கதவைத் திறந்து, கேபினட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

ஸ்லாட்டின் கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளுங்கள். ரேமை ஓரத்தில் பிடித்து, அதன் வெட்டும் ஸ்லாட்டின் மேடும் நேராக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் திருப்பிப் பிடியுங்கள். பிறகு இரண்டு முனையிலும் கட்டைவிரலை வைத்து ஒரே சீராக அழுத்துங்கள். புதியவர்கள் பாதியிலேயே விட்டுவிடுவது இங்கேதான். நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிக அழுத்தம் வேண்டும். ‘டக்’ என்று கிளிப் தானாக மூடிக்கொண்டால் சரியாக உட்கார்ந்துவிட்டது.

படி 5: சோதனை

திரையில் ஒன்றும் வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்டால் பயப்படாதீர்கள். மறுபடி கேபிளைப் பிடுங்கி, ரேமைக் கழற்றி, தங்க நிறப் பின்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மீண்டும் மாட்டுங்கள். பழைய போர்டுகளில் பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும். அப்படியும் வராவிட்டால் புது ரேமைத் தனியாகப் போட்டுப் பாருங்கள்.

விண்டோஸ் திறந்து முழு அளவும் காட்டினாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை பென் டிரைவில் போட்டு, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் துவக்கி, இரவு முழுக்க ஓடவிடுங்கள். சிவப்பில் ஒரு பிழை வந்தாலும் ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே சோதியுங்கள். புதிதாக வாங்கியதுதான் பழுது என்று தெரிந்தால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள்.